ஒரு மாதத்துக்குத் தலைநகரம்



வெளிநாட்டு நோட்டுகள் சேகரிக்கும் வாசகர் ஒருவர் அண்மையில் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஆல்பத்தைப் புரட்டிக் காட்டிக்கொண்டே வந்தவர், ஊதா நிற நோட்டு ஒன்றில் விரலை வைத்து, “இது எந்த ஊர், சொல்லுங்கள் பார்க்கலாம்” என்றார். ஹோண்டுராஸ் நாட்டின் இரண்டு லெம்பிரா நோட்டு அது. முன்பக்கத்தில் மார்கோ ஔரேலியோ சோத்தோ என்ற பழைய ஜனாதிபதி. பின்பக்கத்தில் கடல் நடுவே ஒரு கூம்பு மலை, அதன் காலடியில் ஒரு சிறு துறைமுகம். அமாபலா என்று அச்சிட்டிருந்தார்கள்.

நாடாளுமன்றமோ பெரிய அணையோ இருக்க வேண்டிய இடத்தில் ஏன் இந்தச் சிற்றூர்? வந்தவரை அனுப்பிவிட்டுப் படிக்க உட்கார்ந்தவன், இந்த மாத ஆசிரியர் பக்கத்தையே அந்த ஊருக்குக் கொடுத்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மத்திய அமெரிக்க வரைபடத்தில் ஹோண்டுராசின் வடக்கு ஓரம் கரீபியன் கடலை ஒட்டி நீளமாகக் கிடக்கும். தெற்கே பசிபிக் பக்கம் அப்படி இல்லை. ஒரு பக்கம் எல் சால்வடோரும் மறுபக்கம் நிகராகுவாவும் நெருக்கிக்கொண்டு வர, நடுவில் ஓர் இடுக்கு மட்டும் மிச்சம். அதுதான் ஃபொன்சேகா வளைகுடா. பரப்பு சுமார் 3,200 சதுர கிலோமீட்டர். வளைகுடாவின் வாயில் சால்வடோர் பக்கம் கொஞ்சாகுவா எரிமலை, நிகராகுவா பக்கம் கொசிகுயினா எரிமலை. ஹோண்டுராசின் பசிபிக் கரை முழுக்க இந்த வளைகுடாவுக்கு உள்ளேதான் இருக்கிறது. திறந்த பெருங்கடலைத் தொடும் கரை ஒரு முழம்கூட அதற்குக் கிடையாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பிறகு வரும் எல்லா ரகளைக்கும் காரணம் புரிந்துவிடும்.

வளைகுடாவின் உள்பக்கம் சேறும் சதுப்பும் அலையாத்திக் காடும். ஏற்றவற்றம் பெரிது, வற்றத்தின்போது கரையோரம் சேற்றுவெளியாகிவிடும். கப்பல் நெருங்க முடியாது. ஆனால் எல் டீக்ரே என்ற தீவு வரை ஆழமான நீர் வந்து நிற்கிறது. அணைந்துபோன எரிமலை ஒன்று கடலிலிருந்து 700 மீட்டருக்கும் மேல் எழுந்து நிற்பதுதான் அந்தத் தீவு. அகலம் சுமார் 5 கிலோமீட்டர். அதன் கரையில் 1833இல் அமைந்த ஊர் அமாபலா. பெரிய கப்பல் வந்து நிற்கக்கூடிய ஆழம் தீவில், சரக்கு போக வேண்டிய நாடு எதிர்க்கரையில். ஊரின் கதை இந்த இடைவெளியில் நடந்த கதை.

ஹோண்டுராசில் மொத்தம் 298 நகராட்சிகள். நம்மூர் நகராட்சி போல நகரத்துக்கு மட்டும் உரியவை அல்ல அவை; தாலுகா போல, ஒரு ஊரும் அதைச் சுற்றிய கிராமங்களும் சேர்ந்தவை. தலைவரையும் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். வாயே மாவட்டத்தில் இருக்கும் அமாபலா நகராட்சியில் எல் டீக்ரே தீவு, கரையோடு இணைந்த சகாத்தே கிராந்தே, இன்னும் சில சிறு தீவுகள் எல்லாம் அடக்கம். மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டி. நம்மூர்ப் பேரூராட்சி அளவுதான்.

ஸ்பானியர்கள் இந்த வளைகுடாவுக்குள் வந்தது 1522இல். வந்தவர் ஆந்த்ரேஸ் நீன்யோ என்ற மாலுமி. ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்ற விவகாரங்களைக் கவனித்துவந்த பிஷப் ஃபொன்சேகாவின் பெயரை வளைகுடாவுக்கு வைத்தார்கள். அந்த பிஷப் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர் அல்ல. இதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது 1684இல் நடந்த சம்பவம். எட்வர்ட் டேவிஸ் என்ற ஆங்கிலக் கடற்கொள்ளையர் தலைவன், கப்பலைச் சாய்த்து அடிப்பாகத்தைச் சுரண்டிச் செப்பனிட மறைவான இடம் தேடி இந்தத் தீவுகளுக்கு வந்தான். தாங்கள் ஸ்பெயின் மன்னர் அனுப்பிய ஆட்கள், எதிரிகளை விரட்ட வந்திருக்கிறோம் என்று பூர்வகுடி மக்களிடம் கூசாமல் பொய் சொன்னான். அவர்களும் நம்பி, வாத்தியம் வாசித்து தேவாலயத்துக்கு அழைத்துப் போனார்கள். எல்லோரையும் உள்ளே சேர்த்து வைத்துப் பேரம் பேசுவது டேவிஸின் திட்டம். கொள்ளையரில் ஒருவன் பொறுமை இழந்து, வாசலில் தயங்கி நின்ற ஒருவரைப் பிடித்து உள்ளே தள்ளினான். தள்ளப்பட்டவர் குதித்து ஓட, ஊரே ஓடிவிட்டது. கொள்ளையர்கள் சுட்டதில் இறந்தவர், ஊரில் ஸ்பானிய மொழி எழுதப் படிக்கத் தெரிந்த எழுத்தர்.

இதை எழுதி வைத்தவர் அதே கப்பலில் இருந்த வில்லியம் டாம்பியர். உலகைச் சுற்றிய அவருடைய பயண நூல் 1697இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. சென்னைக்காரர்களுக்கு ஒரு செய்தி: இந்த வளைகுடாவில் கப்பல் சுரண்டிய இதே டாம்பியர், 1690இல் நம் புனித ஜார்ஜ் கோட்டையில் சில மாதங்கள் தங்கியிருக்கிறார்.

கொள்ளையர் தொல்லை தாங்காமல் தீவு மக்களில் பலர் பெருநிலத்துக்குக் குடிபெயர்ந்தனர். பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எல் டீக்ரே பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 1833இல் ஊர் அமைந்து ஒன்றரை ஆண்டு முடியவில்லை, 1835 ஜனவரி 20 அன்று எதிரே கொசிகுயினா வெடித்தது. அமெரிக்கக் கண்டங்களில் எழுதப்பட்ட வரலாறு கண்ட மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று அது. வளைகுடாக் கரைகள் சாம்பல் மூடிப் பகலிலேயே இருண்டு கிடந்தன. கரீபியன் பக்கம் இருக்கும் பெலீசில், சத்தத்தைக் கேட்ட ஆங்கில அதிகாரி கடலில் பீரங்கிச் சண்டை என்று நினைத்துப் படையைத் திரட்டினாராம். புது ஊர் அதற்குப் பிறகும் பிழைத்துக் கிடந்தது.

அடுத்தது 1849. இங்கேதான் ஊர் முதல் தடவையாக உலக அரசியலில் மாட்டிக்கொள்கிறது.

அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்க மத்திய அமெரிக்காவைக் குறுக்கே வெட்டிக் கால்வாய் போட வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த பிறகு அமெரிக்காவின் அவசரம் கூடிவிட்டது. கால்வாய் நிகராகுவா வழியாக வந்தால் அதன் பசிபிக் முனை இந்த வளைகுடாவாக இருக்கலாம். வளைகுடாவின் சாவி எல் டீக்ரே. அமெரிக்கத் தூதர் எஃப்ரைம் ஜார்ஜ் ஸ்குவையர் (மிசிசிப்பி பள்ளத்தாக்கின் பழைய மண்மேடுகளை ஆராய்ந்து எழுதிய தொல்லியல் அறிஞர், இங்கே வேறு வேலை பார்க்க வந்தவர்) 1849 செப்டம்பர் 28 அன்று ஹோண்டுராசோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். தீவை 18 மாதங்களுக்கு அமெரிக்காவிடம் ஒப்படைப்பதாக அதில் கண்டிருந்தது.

பிரிட்டனின் பிரதிநிதி ஃபிரெடெரிக் சாட்ஃபீல்டுக்குச் செய்தி எட்டியது. பிரிட்டிஷ் ஆட்களுக்கு ஹோண்டுராஸ் தர வேண்டிய கடன் பாக்கி இருந்தது. காரணம் காட்ட அது போதுமே. அக்டோபர் 16 அன்று ‘கார்கன்’ போர்க்கப்பலிலிருந்து இறங்கிய வீரர்கள் தீவைப் பிடித்துக் கொடியேற்றிவிட்டார்கள். ஸ்குவையர் கொதித்தெழுந்தார். இரண்டு தூதர்களும் தங்கள் தலைநகரங்களைக் கேட்காமலே அவசரப்பட்டவர்கள். இருவரையும் இரண்டு தலைநகரங்களும் கைவிட்டன. பசிபிக் பகுதியின் பிரிட்டிஷ் அட்மிரல் ஹார்ன்பி அந்த ஆண்டு டிசம்பரிலேயே தீவைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். இந்த உரசலின் சூட்டோடு 1850 ஏப்ரலில் கிளேட்டன்–புல்வர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மத்திய அமெரிக்கக் கால்வாயைப் பிரிட்டனோ அமெரிக்காவோ தனியாக ஆளக் கூடாது என்பது அதன் சாரம். பனாமா கால்வாயின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த ஒப்பந்தத்தைத் தாண்டிப் போக முடியாது. அமாபலாவைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஸ்குவையருக்கு அந்த இடத்தின் மேல் மோகம் விடவில்லை. தூதர் வேலை போன பிறகு ரயில் பாதைக்காரராக மாறினார். கரீபியன் கரையின் புவெர்தோ கொர்தேசிலிருந்து ஃபொன்சேகா வளைகுடா வரை ஹோண்டுராசைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதை அவர் விதைத்த கனவு. 1867க்கும் 1870க்கும் இடையில் லண்டனிலும் பாரிசிலும் கடன் பத்திரங்கள் விற்றார்கள். தரகர்களும் இடையில் இருந்தவர்களும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய பணத்தில் வடகரையிலிருந்து 90 கிலோமீட்டர் அளவுக்குத் தண்டவாளம் போட்டார்கள். அதோடு சரி. தெற்கே ஒரு கட்டைகூட விழவில்லை. வராத ரயிலுக்கு வாங்கிய கடனை ஹோண்டுராஸ் தீர்த்து முடித்தது 1953இல். இந்த ஒரு வரியை நான் இரண்டு முறை சரிபார்த்தேன். நீங்களும் ஒரு முறை திரும்பப் படிக்கலாம்.

ரயில் வராததால்தான் அமாபலா வளர்ந்தது என்றும் சொல்லலாம். தலைநகர் தெகுசிகல்பாவுக்கு ரயிலே கிடையாது. அங்கே போக வேண்டிய பியானோவோ, சுரங்க இயந்திரமோ, துணிக் கட்டோ, எதுவானாலும் தீவுக்கு அருகே கப்பலிலிருந்து படகுக்கு இறங்கி, படகில் சான் லோரென்சோ கரைக்குப் போய், அங்கிருந்து கோவேறு கழுதை முதுகில் மலையேற வேண்டும். ஒரே சரக்கை மூன்று முறை ஏற்றி இறக்கினார்கள். ஒவ்வொரு முறையும் யாருக்கோ கூலி கிடைத்தது. சுங்கச் சாவடி வந்தது. ஜெர்மானிய வணிகர்கள் வந்து கடை வைத்தார்கள்.

நோட்டில் இருக்கும் சோத்தோவுக்கும் ஊருக்கும் உள்ள உறவும் இந்தக் காலத்ததுதான். குவாதமாலா ஆட்சியாளர் பாரியோஸின் ஆதரவோடு வந்த அவர், 1876 ஆகஸ்ட் 27 அன்று தன் அரசை முதலில் நிறுவியது அமாபலாவில்தான். நாட்டின் தலைநகரைக் கொமயாகுவாவிலிருந்து தெகுசிகல்பாவுக்கு 1880இல் மாற்றியவரும் அவரே. நோட்டின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தெரிந்த பக்கங்கள்தான்.

இனித் தலைப்புக்கு வருகிறேன். 1821இல் ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட மத்திய அமெரிக்க நாடுகள் சில காலம் ஒரே கூட்டாட்சியாக இருந்து, பிறகு தனித்தனியாகப் பிரிந்தன. மறுபடி சேர வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. யாராவது ஒருவர் அதைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1895 ஜூன் 20 அன்று ஹோண்டுராஸ், நிகராகுவா, எல் சால்வடோர் மூன்றும் அமாபலாவில் ஓர் உடன்படிக்கை செய்து மத்திய அமெரிக்கப் பெருங்குடியரசை அமைத்தன. ஹோண்டுராசில் பொலிகார்போ போனியா, நிகராகுவாவில் ஸெலாயா, சால்வடோரில் குத்தியேரஸ் ஆண்ட காலம். மறு ஆண்டே அமெரிக்கா அதை அங்கீகரித்தது. 1898இல் அரசியல் சட்டம் தயாராகி, மத்திய அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்ற புதுப் பெயரோடு, நவம்பர் 1 அன்று கூட்டாட்சி அரசு அமாபலாவில் பொறுப்பேற்றது.

ஏன் இந்தத் தீவு? மூன்று நாடுகளும் கண்ணுக்கெட்டும் இடம் என்பதும், எந்த நாட்டின் தலைநகரையும் தேர்ந்தெடுத்தால் மற்ற இரண்டும் முறைக்கும் என்பதும் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். எப்படியோ, உலகின் மிகச் சிறிய தலைநகரங்களில் ஒன்று உருவானது. நவம்பர் 13 அன்று சால்வடோரில் தளபதி தொமாஸ் ரெகலாதோ ஆட்சியைக் கைப்பற்றி, கூட்டாட்சியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். மாத இறுதியில் கூட்டாட்சியே கலைந்தது. பெட்டி படுக்கையோடு வந்தவர்கள் அடுத்த படகில் திரும்பினார்கள். படகுக் கூலி வாங்கியவர்களுக்கு இரு வழியும் லாபம்.

அதன் பிறகும் பெரியவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். 1907இல் நிகராகுவாவோடு நடந்த போரில் தோற்ற ஹோண்டுராஸ் ஜனாதிபதி மானுவேல் போனியா கடைசியாக ஒதுங்கியது இங்கே. சமாதானம் கையெழுத்தானதும் இங்கே. 1922இல் மூன்று நாட்டு ஜனாதிபதிகளும் வளைகுடாவில் நின்ற ‘டகோமா’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் கூடிப் பேசினார்கள். சொந்தக் கரைகளுக்கு நடுவில் பேச அந்நியக் கப்பல் தேவைப்பட்டது. 1928 நவம்பர் 26 அன்று, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வென்று பதவியேற்கக் காத்திருந்த ஹெர்பர்ட் ஹூவர் தன் லத்தீன் அமெரிக்கப் பயணத்தின் முதல் நிறுத்தமாக அமாபலாவில் இறங்கினார். நல்ல அண்டை வீட்டார் போல இருப்போம் என்று அவர் அங்கே பேசியதை, அவருக்குப் பின் வந்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கொள்கையாக்கிப் பெயர் வாங்கிக்கொண்டார். ஹூவர் பேசிய அந்நாளில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் நிகராகுவாவில் கிளர்ச்சித் தலைவர் சான்டினோவின் படையோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஊரை வாழ வைத்தது ஆழம். ஊரிடமிருந்து பிழைப்பைப் பறித்தவை சாலையும் புதுத் துறைமுகமும். சாலை வந்தது, லாரி வந்தது. 1970களின் இறுதியில் சான் லோரென்சோ பக்கம் எனெகான் என்ற புதுத் துறைமுகம் எழுந்தது. கப்பல் நேராகக் கரைக்கே போகும்போது தீவில் எதற்கு இறங்க வேண்டும்? சுங்கச் சாவடி ஓய்ந்தது, வணிக வீடுகள் மூடின. 1980களில், நிகராகுவாவிலிருந்து சால்வடோர் புரட்சிக்காரர்களுக்கு ஆயுதம் கடலில் போகிறதா என்று கண்காணிக்க அமெரிக்கர்கள் தீவில் ரேடார் வைத்தார்கள். இந்த முறை வேண்டியிருந்தது துறைமுகம் அல்ல; உயரம்.

நீதிமன்றக் கதை தனி. 1914இல் பிரையன்–சமோரோ ஒப்பந்தப்படி வளைகுடாவில் கடற்படைத் தளம் அமைக்கும் உரிமையை நிகராகுவா அமெரிக்காவுக்குக் கொடுத்தது. எல் சால்வடோர் வழக்குப் போட்டது. வளைகுடா மூன்று நாட்டுக்கும் பொதுச் சொத்து என்று 1917இல் மத்திய அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிகராகுவா தீர்ப்பை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு அந்த நீதிமன்றமே மறைந்தது. 1969இல் ஹோண்டுராசும் எல் சால்வடோரும் நான்கு நாள் போரிட்டன. கால்பந்துப் போர் என்று செய்தித்தாள்கள் பெயர் சூட்டிய போர். அதன் மிச்சமான எல்லைத் தகராறு ஹேகில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1992 செப்டம்பர் 11 அன்று வந்த தீர்ப்பில் மெயாங்கேரா, மெயாங்கேரிதா தீவுகள் சால்வடோருக்கு. எல் டீக்ரே ஹோண்டுராசுக்கு. 1849 முதல் தீவு ஹோண்டுராசின் கையில்தான் இருந்துவந்திருக்கிறது என்பது நீதிபதிகள் எடுத்துக்கொண்ட முக்கியமான ஆதாரம். சாட்ஃபீல்டும் ஸ்குவையரும் கிளப்பிய புழுதி நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தீர்ப்பில் போய் உட்கார்ந்தது.

கடல்நீரைப் பொறுத்தவரை, கரையிலிருந்து 3 கடல் மைல் அவரவருக்கு, மற்றது மூவருக்கும் பொது. பங்கு பிரித்த வீட்டில் முற்றத்தை மட்டும் பொதுவில் விட்டது போல. தீர்ப்பு தெளிவு. மீனவருக்குத்தான் தண்ணீரில் கோடு தெரிவதில்லை. மூன்று நாட்டு ரோந்துப் படகுகளும் சுற்றும் அந்தச் சிறு நீர்ப்பரப்பில், மீன் பின்னால் போய்ப் பிடிபடும் படகுகளின் செய்தி அடிக்கடி வரும். இராமேசுவரம், நாகப்பட்டினம் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தீர்ப்பில் பெயர் வராத கொனேஹோ என்ற பொட்டுத் தீவுக்காக ஹோண்டுராசும் சால்வடோரும் இன்றும் மல்லுக்கட்டுகின்றன.

ஊரைப் பற்றி முடிவெடுத்தவர்களின் பட்டியலைப் பாருங்கள்: தூதர்கள், அட்மிரல்கள், லண்டன் தரகர்கள், ஜனாதிபதிகள், நீதிபதிகள். ஊர்க்காரர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அண்மைக் காலத்தில்தான் அவர்களே பேச ஆரம்பித்திருக்கிறார்கள். சகாத்தே கிராந்தேயில் தலைமுறைகளாக உழுதுவந்த குடும்பங்களுக்கும், நிலத்துக்குப் பத்திரம் வைத்திருந்த பெரும் செல்வருக்கும் நீண்ட தகராறு. 2010இல் அந்தக் குடும்பங்கள் சொந்தமாக ஒரு சமூக வானொலி தொடங்கின. வழக்கு, போலீஸ், மிரட்டல் எல்லாம் பின்னாலேயே வந்தன. 2013இல் ஹோண்டுராஸ் அரசு, தனிச் சட்டமும் தனி நிர்வாகமும் கொண்ட சிறப்பு மண்டலங்களுக்குச் சட்டம் இயற்றியது. அமாபலாவும் பக்கத்து நகராட்சிகளும் சேர்ந்த பகுதியில் பெருந்துறைமுகம் கட்டலாமா என்று தென் கொரிய உதவியோடு ஆய்வு நடந்தது. எங்கள் ஊரை எங்களைக் கேட்காமல் யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று மக்கள் எதிர்த்தார்கள். 2022இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. 2024இல் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கே முரண் என்றது.

இன்று கொயோலிதோ என்ற கரைக் கிராமத்திலிருந்து மோட்டார் படகு ஏறினால் சிறிது நேரத்தில் தீவு. ஊருக்குள் மூன்று சக்கர டாக்சிதான் வாகனம். வாழைக்காய் வறுவலோடு பொரித்த மீன் கிடைக்கும். அலையாத்திச் சேற்றில் கையை விட்டுக் கருஞ்சிப்பி பொறுக்குவது பலருக்குப் பிழைப்பு. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் தெகுசிகல்பாக்காரர்கள் கடல் குளிக்க வந்து தீவை நிறைத்துவிடுவார்கள். தீவில் மாமரங்கள் உண்டு. மாம்பழத் திருவிழாவும் நடக்கிறது. பழம் எப்படி இருக்கும் என்பதைப் பற்றிச் சேலத்து வாசகர்கள் கருத்துச் சொல்ல வேண்டாம்.

நம் வாசகர்களில் கப்பல் வேலையில் இருப்பவர்கள் கணிசம் என்பது சந்தாப் பட்டியலைப் பார்த்தால் தெரிகிறது. தூத்துக்குடி முகவரிகளே அதில் நிறைய. உங்களில் யாராவது எனெகான் துறைமுகத்துக்குப் போயிருந்தால், சரக்கு ஏறும்வரை காத்திருந்த நேரத்தில் அந்தக் கூம்பு மலைப் பக்கம் போய் வந்திருந்தால், இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த இதழ் அச்சுக்குப் போக மூன்று வாரம் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்